எல்லையில் இரண்டு

மலைமேல் எங்கள் பல்கலைக்கழகம்.
மூன்றாம் மாடி, ஏரியைப் பார்க்காத பக்கம்.
கதவில் என் பெயர் இல்லை, வேலை மட்டும்:
அயல்நாட்டு மதிப்பெண் மாற்றம்.

பதினோரு வருடமாக ஒரே சூத்திரம்.
உச்சத்திலிருந்து பெற்றதைக் கழி.
உச்சத்திலிருந்து தேர்ச்சி வரம்பைக் கழி.
முன்னதைப் பின்னதால் வகு,
மூன்றால் பெருக்கு, ஒன்றைக் கூட்டு.
உலகம் ஒன்றுக்கும் நான்குக்கும் நடுவே
கைகட்டி வந்து உட்கார்ந்துவிடும்.

லியோனிலிருந்து ஒரு பதினாலு வருகிறது, இருபதுக்கு.
அங்கே பதினாறு போடவே பேனா தயங்குமாம்.
அந்தப் பதினாலுக்காக ஒரு வீடே கூடி உண்டிருக்கும்.
இங்கே அது இரண்டு புள்ளி எட்டு.
நெப்ராஸ்காவிலிருந்து மூன்று புள்ளி ஏழு, நாலுக்கு.
அது ஒன்று புள்ளி மூன்றாகிப் பல் தெரியச் சிரிக்கிறது.
டென்மார்க்கில் பன்னிரண்டுக்கு அடுத்தது பத்து.
பதினொன்றை யாரோ தின்றுவிட்டார்கள்.
முட்டைக்கும் கீழே அங்கே ஒரு தளம் உண்டு,
கழித்தல் மூன்று.
முதன்முதல் பார்த்தபோது
அந்தப் பையன் பள்ளிக்கே கடன்பட்டுவிட்டானோ
என்று நினைத்தேன்.

எதிர் மேசை ருமியானா பல்கேரியாக்காரி.
ஊரில் ஆறு ஆறாக வாங்கிக் குவித்தவள்.
பத்து வயதில் இங்கே வந்த முதல் வாரம்
டீச்சர் தாளில் ஒன்று போட்டதும்
கழிப்பறைக்குப் போய் அழுதாளாம்.
இப்போதும் ஒன்று எழுதுமுன்
அவள் கை ஒரு கணம் நிற்கும்.

என் மகன் சில்வான் வாரநாட்களில் அப்பாவோடு,
க்ரொய்ட்ஸ்லிங்கனில், எல்லைக்கு அந்தப் பக்கம்.
நடந்தால் அரைமணி நேரம்.
ஏரிக்கரையில் வேலிகூட இல்லை,
வேலி இருந்த இடத்தில் சிற்பங்கள் நிற்கின்றன.
அந்தக் கோட்டுக்கு அப்பால்
ஆறு தலை, ஒன்று கால்.
இப்பால் ஒன்று தலை, ஆறு கால்.
மழை மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுகிறது.

வெள்ளிக்கிழமை மதியம் குறுஞ்செய்தி:
‘கணக்கு 2.’
வேறொரு சொல் இல்லை.
நாற்பத்து மூன்றாவது கோப்பில் இருந்தேன்.
தலை முழுக்க இந்தக் கரை.
ஒரு சிவப்பு இதயம் அனுப்பினேன்.
வரும் வழியில் செர்ரி கேக் வாங்கினேன், முழுசாக.

வந்தான். கேக்கைப் பார்த்தான்.
பேசாமல் இரண்டு துண்டு சாப்பிட்டான்.
தட்டைத் தானே கழுவி வைத்தான்.
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
பதின்மூன்று வயதுப் பையன்
சொல்லாமல் தட்டுக் கழுவினால்
அது எங்கள் ஊர் இரண்டு இல்லை.

“அப்பாவுக்கும் இதையேதான் அனுப்பினேன்.
அவர் இன்னும் பதில் போடவில்லை.
நீ இதயம் அனுப்பினாய்.”
கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.
“சிற்பங்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன் அம்மா.
ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே.
ரொம்பக் குளிர்.”

அவன் தூங்கியபின் போட்டுப் பார்த்தேன்,
பழக்கதோஷம்தான்.
உச்சம் ஆறு. தேற நான்கு. பெற்றது இரண்டு.
ஏழு வந்தது.
மறுபடி போட்டேன். ஏழேதான்.
இந்த ஊர்ப் பள்ளியில் எண்கள் ஆறோடு தீர்ந்துவிடும்.
ஏழு போய் நிற்க ஒரு படிக்கட்டு இல்லை.
தேறாதவர்களுக்கு இச்சூத்திரம் பொருந்தாது என்று
விதிப்புத்தகத்தில் அடிக்குறிப்பு ஒன்று உண்டு,
எறும்பு ஊர்கிற எழுத்தில்.
பதினோரு வருடமாக அதன்மேல் கட்டைவிரல் வைத்துத்தான்
பக்கம் புரட்டியிருக்கிறேன்.

ஞாயிறு மாலை, மிச்சக் கேக்கை டப்பாவில் வைத்து
அவன் கையில் கொடுத்தனுப்பினேன்.
எட்டு மணிக்கு ரேத்தோ எழுதினார்:
‘இரண்டு வாங்கியவனுக்கு எதற்குக் கேக்?’

விளக்கை அணைத்துவிட்டு
அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து அடியில் இன்னொரு வரி:
‘நன்றாக இருக்கிறது.
ஆளுக்கு ஒரு துண்டு தின்றோம்.’